நம்பர் கட்டிய மடவை

எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி வந்தாகிவிட்டது. இரண்டு பேர் கடலோடு போனார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிறீர்கள். எங்கே இருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு "அந்தக் காலம் வருமா" என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தக் காலத்தைக் கொஞ்ச நான் வரவில்லை. அப்போது நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன மாதம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பழவேற்காடு ஏரி நம் குப்பத்துக்கு எதிரே ஒரு கிளையாகப் பிரிந்து உள்ளே வருகிறதே, நாம் உள்ளேரி என்போமே, அதை மண் கொட்டி மேடாக்கிச் சரக்கு அடுக்கும் இடமாக்க ஒரு கம்பெனி கேட்கிறது. பந்தல், நாற்காலி, மைக், போலீஸ் எல்லாம் இருந்தன. தடிமனான ஓர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். முன்பு அரசாங்கமே செய்த ஆய்வின்படி உள்ளேரியில் சொல்லும்படியான மீன் கிடையாது என்றார்.

என் அண்ணன் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினான். ஐம்பத்து மூன்று வயது, அதில் நாற்பது வருடம் உள்ளேரியில் இறங்கியவன்.

"இன்னா சார் பேசறீங்க? மூணு தலைமொறையா இத வெச்சித்தான் துன்றோம். மீனு இல்லன்னு எவன் சொன்னது?"

"கோபப்படாதீங்க. உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்? தோராயமா சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறோம்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது. சத்தம் போட்ட அதே மைக்கில், குரல் இறங்கி, "இன்னா... ஏதோ கொழம்புக்குக் கெடைக்கும்" என்றான்.

தட்டச்சு செய்த பெண் அதை அப்படியே அடித்துக்கொண்டாள்.

என் மகன் பந்தல் கம்பத்தில் சாய்ந்து தன் மாமனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வேண்டாம், கால் காயும் வேலைக்குப் போ என்று அவனைத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு ஒப்பந்த வேலைக்கு அனுப்பியவள் நான். எட்டு மாதத்தில் வலது கையில் இரண்டு விரலை இயந்திரத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். மாமனோடு ஏரிக்குப் போய்த்தான் மறுபடி மனிதனானான். போன வருடம் தனக்கென்று ஒரு சின்னப் படகு வாங்கினான். என் கணவரும் இதே குப்பம். அவர் காக்களூர்ப் பட்டறைக்குப் போனதிலிருந்து காலியாகக் கிடந்த, ஏரியில் எங்கள் வீட்டுக்கு வருகிற முறையில்தான் இப்போது அவன் வலை விரிக்கிறான். அவன் உட்கார்ந்து சாப்பிட இந்த உலகத்தில் இருக்கும் ஒரே இடம் உள்ளேரி. அந்த இடத்தில் மீன் இல்லை என்கிறது காகிதம்.

அறிக்கையை வாங்கிப் படித்தேன். உள்ளேரியைப் பற்றி அதில் புதிதாக யாரும் எதையும் பார்த்து எழுதவில்லை. நாம் ஆறாவது படித்தபோது அரசாங்க ஆய்வுக்கு வந்து போன மீன் சார் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அடையாளம் கட்டி விட்ட மீன்களில் ஒன்றுகூட உள்ளேரிப் பக்கம் அகப்படவில்லை, ஆகவே மீன்கள் அங்கே போவதில்லை என்று இருக்கிறது.

அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை மீன் அகப்பட்டது என்று எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று.

மீன் சார் ஐப்பசி மழையில் வந்தார். முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடல் உள்ளே வந்த வாரம். ஏரித் தண்ணீர் காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக இருக்கும் பருவம் அது. ஒரு ஜீப், இரண்டு தகரப் பெட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மீனை நீளம் பார்க்க ஒரு மரப்பலகை. பள்ளிக்கூடத்தின் சாமான் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பலகையில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்து, வெயில் பட்டால் மின்னும். அந்தப் பலகையைத் தொடுவதற்கு நீங்கள் எப்படி அடித்துக்கொண்டீர்கள் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அவருக்குச் சமைக்கப் போன பெண் இரண்டாம் நாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மீன் சார் மீன் சாப்பிடமாட்டார்.

"மீனு துன்னாதவன் மீனு எண்ண வந்துகீறான்" என்றாள் அம்மா, கரையில் கூடையைக் கழுவிக்கொண்டே. "நாளிக்கு மாட்டக் கட்டத் தெரியாதவன் பாலு அளக்க வருவான்."

தினமும் விடிந்ததும் கரையில் நின்று, வருகிற படகையெல்லாம் கேட்பார்.

"இன்னைக்கு எவ்வளவு கிடைச்சுது?"

"ஏதோ கொழம்புக்கு, சார்."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?"

"நேத்தும் கொழம்புதான் சார் வெச்சோம்" என்பார் நைனா, என் அப்பா. கரையே சிரிக்கும். அவர் குனிந்து எழுதிக்கொள்வார்.

வெளியார் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிடித்த மீனை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் விழும், அடுத்த நாள் வலை வெறுமனே வரும். பெண்டாட்டியும் புருஷனைக் கேட்க மாட்டாள். கூடையைத் தூக்கும்போது கை சொல்வதுதான் கணக்கு. படகு விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து வந்தாலும் பதில் ஒன்றுதான். அந்த ஐப்பசியில் மடவை மீனும் இறாலும் எங்களைத் தேடிக்கொண்டு வந்த மாதிரி வந்தன. பெரிய கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, அதன் மேல் என்னை உட்கார வைப்பாள் அம்மா. சாக்குக்கு அடியில் இறால் துள்ளித் துள்ளித் தொடையில் குத்தும். மீன் சார் என்னைத் தாண்டிப் போகும்வரை முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நான் அவரை மன்னிக்காததும் இதனால்தான். எங்கள் ஆட்கள் பொய் சொன்னார்கள், சரி. அந்த மனிதருக்குக் கண் இல்லையா? நாற்பது பெண்கள் தலைச்சுமை கழுத்தை அழுத்த அவர் மூக்குக்கு எதிரே பொன்னேரி பஸ்ஸுக்கு ஓடினார்களே, கூடைத் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு போனதே, அவர்கள் குழம்புக்கா ஓடினார்கள்? ஒரு நாளாவது நைனாவின் படகில் ஏறி உள்ளேரிக்கு வந்தாரா? ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காய்ந்த மணலில் நின்றார். கேட்டதை எழுதினார். பார்த்ததை எழுதவில்லை.

கார்த்திகையில் மடவைக்கு நம்பர் கட்ட ஆரம்பித்தார். நம் ஊரில் யாரும் படகு தரவில்லை. எதிர்க்கரைக் குப்பத்து ஆளைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். பெரிய தொட்டியில் உயிர் மடவைகள். ஒவ்வொன்றாக ஈரத் துணியில் பிடித்து, முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் ஊசி குத்தி, ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டைக் கட்டி, நடு ஏரியில் விடுவார். கட்டைவிரல் நகம் அளவு துண்டு. அதில் கறுப்பில் ஒரு எண். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். மஞ்சள் துண்டு கட்டிய மீன் கிடைத்தால் துண்டையும் கிடைத்த இடத்தையும் சொல்லுங்கள், பரிசு உண்டு.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. நாம் மதில் மேல் ஏறி உட்கார்ந்து கேட்டோம்.

நைனாதான் முதலில் பேசினார். "மேட்டாண்ட கல்லு நட்டானே, அன்னிக்கு இன்னா சொன்னான்? சும்மா அளக்கறோம்னான். கல்லு மேல நம்பர் எழ்தினான். மறு வருசம் கம்பி போட்டான். இன்னிக்கு நம்ம ஆடு அந்தாண்ட போவ முடியுதா? நெலத்துக்கு நம்பர் போட்டான், நெலம் பூட்ச்சு. இப்போ மீனுக்கு நம்பர் போட்றான்."

"மீனுக்கு எங்க நைனா கம்பி போடுவான்?" என்றான் ஓர் இளவட்டம்.

"போடுவான்டா. பாத்துகினே இரு."

யாரும் சிரிக்கவில்லை. நைனா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மேட்டுப் புறம்போக்கில் எண் எழுதிய கற்கள் வந்ததும், அடுத்து கம்பி வந்ததும், அப்புறம் அது யாருக்கோ உப்பளமானதும் எல்லோரும் கண்ணால் கண்டது. அரசாங்கம் எதில் எண் எழுதுகிறதோ அது நம்முடையது இல்லாமல் போகும். அவர்கள் படித்த பாடம் அது ஒன்றுதான். அதைத் தப்பில்லாமல் படித்து, தப்பான இடத்தில் ஒப்பித்தார்கள்.

முடிவு சுலபமாக வந்தது. துண்டு கட்டிய மீன் அகப்பட்டால் துண்டைப் பிய்த்து அடுப்பில் போட வேண்டும். சார் கையில் கொடுத்தவனுக்கு அந்த வருடம் பாடு கிடையாது. பாடு என்றால் ஏரியில் வலை விரிக்க வீட்டுக்கு வீடு வருகிற முறை. அது போனால் அடுப்பும் போன மாதிரிதான்.

எங்கள் வீட்டுக்கு முதல் துண்டு நான்கு நாளில் வந்தது. அம்மா அரிவாள்மனையில் மடவையை வைத்தவள் கையை உதறிக்கொண்டாள்.

"யம்மாடி, இதுக்கும் போட்டு உட்டுகீறான் பாரு. இந்தா, அடுப்புல போடு."

பிய்த்துக் கொடுத்தாள். நான் அடுப்பில் ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டுத் துண்டைப் பாவாடையில் முடிந்துகொண்டேன். அந்த மீனை என்ன செய்வதென்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணனுக்குப் பதினைந்து வயது. "துன்னா நம்ம மேலயும் நம்பர் வந்துடுமா?" என்று கேட்டு நைனாவிடம் ஓர் அறை வாங்கினான். முதலில் பூனைக்கு ஒரு துண்டு போட்டார்கள். பூனை செத்துப் போகிறதா என்று ராத்திரி வரை பார்த்தார்கள். பூனை மறுபடி வந்து கேட்டது. மறுநாளிலிருந்து நாங்களும் தின்றோம்.

அப்புறம் உங்கள் வீடுகளுக்கும் வந்தன. நீங்களும் அடுப்பில் போடவில்லை. பிள்ளைகளுக்கு எண் போட்ட பொருள் எது கிடைத்தாலும் அது பஸ் டிக்கெட்தான். ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பழைய படகுதான் பஸ். நான் கண்டக்டர், ஏனென்றால் எனக்குத்தான் எண் படிக்கத் தடுக்காமல் வரும்.

"டிக்கெட், டிக்கெட்! பொன்னேரி, கும்முடிப்பூண்டி! கூடைக்குத் தனி டிக்கெட்டு!"

"யோவ் கண்டக்டரு, கூட காலிதான்யா."

"காலிக்கூடலேந்து தண்ணி ஊத்துமாம்மே? எறங்கு மொதல்ல!"

நம் அம்மாக்கள் தினமும் வாங்கிய வசவை நாம் ஒருவருக்கொருவர் வைதுகொண்டோம். ஆட்டம் முடிந்ததும் டிக்கெட்டையெல்லாம் நான் திரும்ப வாங்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, எங்கள் வீட்டுக் கூரை இடுக்கில் செருகி வைப்பேன். டப்பாவில் பவுடர் வாசனை இரண்டு நாளில் போய், மீன் வாடைதான் நின்றது.

மீன் சாருக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று இப்போது யோசிக்கிறேன். பரிதாபப்பட்டு அல்ல, கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே என்று. அவருக்குப் பால் விற்க மாட்டோம் என்றார்கள். ஜீப் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கினார்கள். கிணற்றடியில் அவர் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவரும் லேசானவர் இல்லை. அம்மாவை ஒருநாள் கரையில் நிறுத்தி, "வாயைத் திறந்தா பொய்தானா உங்களுக்கெல்லாம்? இதுதான் தொழிலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள். நடந்து வரும் வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பழி வாங்கத்தான் கருவாட்டு வேலை. யோசனை உங்களில் ஒருவருடையது. கை என்னுடையது. அவர் கரையில் இருந்த நேரம் பார்த்து, வாடை அதிகம் வரும் திருக்கைக் கருவாட்டை நுணுக்கி அவருடைய அரிசி டின்னில் கலந்து வைத்தேன். சமைத்த பெண்ணுக்கும் தெரியும். அவள் மூக்கை மூடிக்கொண்டு வடித்து வைத்தாள். ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு அந்த மனிதர் பள்ளிக்கூட வாசலில் குந்தி, கண்ணில் தண்ணீர் வர வாந்தி எடுத்தார். வாத்தியார் நம் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அடித்தார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

"வாந்தி எடுத்தானா? நெஜமாவா?" என்று நைனா இரண்டு முறை கேட்டார். என் தலையில் கை வைத்துத் தடவினார். டீக்கடைக்குக் கூட்டிப்போய் முறுக்கு வாங்கித் தந்தார். அந்த வருடம் அவர் என் தலையைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். அந்த முறுக்கை நான் எவ்வளவு மெதுவாகத் தின்றேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்து, தண்ணீர் வற்ற ஆரம்பித்தபோது மீன் சார் வகுப்புக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். கரும்பலகையில் ஏரியை வரைந்தார். மீன்களை விட்ட இடத்தில் பெருக்கல் குறி. திரும்பக் கிடைத்த இடங்களில் வட்டம். பெருக்கலிலிருந்து ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கோடு இழுத்தார். எதிர்க்கரைக் குப்பத்துக்குக் கோடு, வடக்கே ஆந்திரா பக்கத்துக்குக் கோடு, முகத்துவாரத்துக்குக் கோடு. உள்ளேரி மட்டும் வெள்ளையே படாமல் கறுப்பாக இருந்தது.

"இந்தப் பக்கம் மட்டும் மீனே போறதில்ல போலிருக்கு" என்றார். "யாராவது மஞ்சள் துண்டு பார்த்தீங்களா? பார்த்திருந்தா சொல்லுங்க. அடிக்க மாட்டேன்."

நாம் எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். பலகையில் தப்பான விடையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாத வியாதி எனக்கு அன்றே இருந்தது. பரிசுக்கு ஆசைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். பரிசு என்னவென்று எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்தக் கறுப்பு இடம் தப்பு. அங்கே நாற்பத்து மூன்று கோடு வர வேண்டும். அவ்வளவுதான் எனக்குப் பட்டது.

இரண்டு நாள், உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். உன் டிக்கெட் உங்கள் நைனாவுக்கு எங்கே கிடைத்தது? ஆலமரத்து ஓரமா, மணல் திட்டா, நடுமடுவா? எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பஸ்ஸுக்கு ஸ்டாப்பிங் வைக்கிறேன் என்றேன். நோட்டுத் தாளில் எண்ணையும் இடத்தையும் எதிரெதிரே எழுதினேன். தாளை மடித்து டப்பாவுக்குள் வைத்து மூடினேன். நைனாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தேதான் செய்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜீப்பில் தகரப் பெட்டிகள் ஏறிவிட்டன. பூட்ஸைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். நான் டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"சார். இது உங்களுக்கு."

அவர் டப்பாவைப் பார்த்தார். வாடை அவருக்குப் போய்ச் சேர்ந்தது, முகம் சுருங்கியது.

"மறுபடியுமா?"

"இல்ல சார். தொறந்து பாருங்க."

"பார்க்கணும்! தொறந்து பார்த்து நான் வாந்தி எடுக்கணும். நீங்க எல்லாம் சுவத்துக்குப் பின்னாடி நின்னு சிரிக்கணும். யார் அனுப்பினா? உங்கப்பாவா?"

"நைனாவுக்குத் தெரியாது சார்..."

அந்த நேரம் பார்த்துச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. என் பின்னாலேயே வந்து ஒளிந்திருந்தீர்கள். யார் சிரித்தது என்று முப்பத்தெட்டு வருடமாக நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவர் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி வீசினார். சேற்றில் போய் விழுந்தது. மூடி திறக்கவில்லை.

நான் ஓடிப்போய் எடுத்து அங்கேயே திறந்திருக்கலாம். மூடியை ஒரு திருகு. மஞ்சளாக நாற்பத்து மூன்று துண்டு அவர் காலடியில் கொட்டியிருக்கும். அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்பது வரை நான் பல தடவை பார்த்தாகிவிட்டது. ஆனால் அன்று எனக்கு வந்தது அந்த யோசனை இல்லை. கரையில் அம்மாவை அவர் கேட்ட கேள்வி வந்தது.

"போய்யா, மீனு துன்னாதவனே!" என்று கத்தினேன்.

நீங்கள் கை தட்டினீர்கள். ஜீப் போயிற்று.

பிறகு டப்பாவைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டு தனியாகப் படகுத்துறைக்குப் போனேன். அதைத் திறந்து தண்ணீரில் கவிழ்த்தேன். தாள் முதலில் ஊறி அமிழ்ந்தது. துண்டுகள் அமிழவில்லை. வடிகிற தண்ணீர் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளேரியை விட்டு வெளியே போயின. நைனாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

கருத்துக் கேட்பு முடிந்த பிறகு எதிர்ப்பு அதிகம் என்பதால் உள்ளேரியில் மறுபடி அளவெடுக்க ஆட்கள் வருவார்கள் என்று அறிவித்தார்கள். அதைப் பேச ஊர் கூடியது. டீச்சர் என்பதால் என்னைப் பேச விட்டார்கள். இங்கே எழுதியதையெல்லாம் அங்கே நின்று சொன்னேன். கருவாட்டையும் சொன்னேன், டப்பாவையும் சொன்னேன். உள்ளேரி செத்துப்போன ஏரி என்று எழுதப்பட்டதில் என் கையும் இருக்கிறது, உங்கள் எல்லோர் வாயும் இருக்கிறது, இந்தத் தடவை வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பிடித்ததை அவர்கள் கண் முன்னால் நிறுத்துங்கள் என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர்த் தலைவர் எழுந்து என் தோளைத் தட்டினார். அவருக்கு எழுபது வயது.

"அன்னிக்கே எல்லாத்தையும் தண்ணில உட்டுட்டியா நீ? பதினோரு வயசுல? பாருங்கடா, ஒரு பொட்டப் புள்ள, சர்க்காருக்கு ஒண்ணு குடுக்கல. இதுக்குப் பேரு ரத்தம்."

"எந்தங்கச்சில்ல?" என்றான் அண்ணன். கண் கலங்கியிருந்தது. கூட்டம் முழுக்கச் சந்தோஷமாகச் சிரித்தது. யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"தலைவரே, நான் சொன்னது அது இல்ல" என்றேன்.

"தெரியும்மா. நீ படிச்ச பொண்ணு, அப்டித்தான் பேசுவ. ஆனா மொதல்ல அளப்பான், அப்பறம் எடுப்பான். எவனும் அவனுங்களப் படகுல ஏத்தக் கூடாது. ஏத்தனா பாடு கெடையாது. ஊர்ல பேச்சும் கெடையாது."

பின் வரிசையிலிருந்து என் மகன் கேட்டான். "அப்போ மீனு கீதுன்னு யாரு சொல்றது?"

"கீறது ஏரிக்குத் தெரியும்டா" என்றான் அண்ணன்.

"ஏரி வந்து மைக்குல பேசுமா மாமா?"

ஒருவர் அவனை உட்காரச் சொல்லி அதட்டினார். அவன் உட்காரவில்லை, வெளியே போய்விட்டான்.

மறுநாள் வீட்டில் சோறு போடும்போது சொன்னான். "யம்மா, நான் ஏத்திக்கினு போறேன். என் படகு. நடுமடு, திட்டு, எல்லாத்தையும் காட்டறேன். எழ்திக்கட்டும்."

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அது. அவன் சொன்னதுதான் சரி. முப்பத்தெட்டு வருடமாக யாராவது செய்ய வேண்டும் என்று நான் காத்திருந்ததும் அதுதான். ஒரு நாள் முன்னால் ஊர் நடுவில் நின்று நானே கேட்டதும் அதுதான். என் கையில் கரண்டி இருந்தது. அவன் தட்டைப் பிடித்திருந்த கையில் மூன்று விரல்.

"வேணாம்டா" என்றேன். "முறைய எடுத்துட்டானுங்கன்னா நீ எங்க போவ? வேற யாராச்சும் ஏத்திக்கட்டும். உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தின்று முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான்.

நாளைக்கு வருகிறார்களாம், மூன்று பேர். இன்று காலை துறைக்குப் போனேன். என் மகன் வலையையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, படகின் குறுக்குப் பலகைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. கரையில் நாலைந்து பேர் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனும் நின்றான். நான் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிப் போய், அவர்கள் காதில் விழாதபடி, இன்னொரு தடவையும் அவனிடம் வேண்டாம் என்று சொன்னேன்.